பிள்ளை கேக்கறதுல இருந்து ஆரம்பிப்போம்

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மைக் முன்னாடி நிக்கறது எனக்கு இதுதான் முதல் தடவை. குழுவுல தீர்மானம் வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான். சேமிப்பு, கடன், கறவை மாடு, தையல் பத்தி எல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் பேசப் போறது பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற சின்னப் பிள்ளைங்களைப் பத்தி. அது குழு விஷயமான்னு கேக்காதீங்க. நம்ம நோட்டைப் புரட்டிப் பாருங்க. ஜூன் மாசம் எழுதற உள்கடன்ல பாதி எதுக்கு? பிள்ளைங்க ஃபீஸுக்கு.

நானும் அப்படித்தான் வாங்கினேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவ இப்போ அஞ்சாவது படிக்கிறா. சின்னவனுக்கு நாலரை வயசு. பெரியவளுக்கு மூணரை வயசு ஆனப்ப, தெருவுக்குள்ள வேன் வந்து நின்னுது. டை கட்டி, ஷூ போட்டு பிள்ளைங்க ஏறறதைப் பார்த்து எனக்கும் ஆசை. நான் பத்தாவதோட நின்னவ. நம்ம பிள்ளையாவது இங்கிலீஷ் பேசணும்னு குழுவுல 12,000 ரூபாய் கடன் வாங்கி எல்.கே.ஜி.யில சேர்த்தேன்.

தினமும் நோட்டு நிறைய எழுதிட்டு வரச் சொல்லுவாங்க. ஒரு எழுத்தை ஒரு பக்கம் முழுக்க. அந்தப் பிஞ்சு கைக்கு பென்சிலே பிடிக்க வராது. சாயங்காலம் அடுப்புல சோறு ஒரு பக்கம், மாட்டுக்குத் தண்ணி ஒரு பக்கம், நடுவுல இவளை உட்கார வெச்சு எழுத வைக்கணும். கோடு தாண்டினா அழிச்சிட்டு மறுபடி எழுது. தூங்கி விழுந்தா முதுகுல ஒண்ணு. பள்ளிக்கூடத்துல அடிச்சாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அடிச்சது நான்தான். துடைப்பக் குச்சியை உடைச்சு பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்லிக் கொடுத்தேன்.

காலையில வேன் சத்தம் கேட்டா அவளுக்கு வயித்த வலிக்கும். ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பிச்சா. அதுக்கும் திட்டினேன். ரெண்டு வருஷம் அப்படிப் போச்சு. அப்புறம் ஃபீஸ் கட்ட முடியாம நம்ம ஊர் தொடக்கப் பள்ளியில சேர்த்தோம். அங்க பாட்டு, படம், விளையாட்டுன்னு சொல்லிக் கொடுத்ததுல கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சா. ஆனா இன்னிக்கும் நான், "நோட்டை எடுத்துட்டு வா பாப்பா"ன்னு சொன்னா, அவ முதல்ல என் கையைத்தான் பார்ப்பா.

சின்னவன் பிறந்தப்ப, இவனையும் அப்படிப் பண்ணக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. வேற எப்படின்னு தெரியல. எங்க அங்கன்வாடி டீச்சர்கிட்ட கேட்டேன். அவங்க சொன்னாங்க, "மூணு வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா வளர்ந்திருக்காது. எழுத அவசரப்படாதே. அவன் எதைச் செய்ய ஆசைப்படறான்னு ஒரு வாரம் சும்மா பாரு. அதுல இருந்து ஆரம்பி."

ஒரு வாரம் பார்த்தேன். அவன் பண்ணினது எல்லாமே நாம 'சேட்டை'ன்னு சொல்றதுதான். குடத்துல கைய விடறது. நான் பெருக்கினா துடைப்பத்தைப் பிடுங்கறது. மாவு பிசைஞ்சா எனக்கும் குடுன்னு அழறது. யோசிச்சுப் பார்த்தா, அவன் விளையாட்டு கேக்கல. என் வேலையைக் கேக்கறான்.

முதல்ல தண்ணியில ஆரம்பிச்சேன். வாசல்ல ஒரு சின்ன சொம்பு, ரெண்டு டம்ளர் கொடுத்து உட்கார வெச்சேன். ஊத்துவான், கொட்டும். பிடுங்கி நானே ஊத்திடலாம்னு கை பரபரக்கும். அடக்கிக்கிட்டேன். அஞ்சாறு நாள்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி சிந்தாம நிறுத்தக் கத்துக்கிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கல. இப்போ வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணி கொண்டு வந்து கொடுக்கறது அவன்தான்.

அடுத்தது மல்லாட்டை. அறுப்பு முடிஞ்சு நாங்க உடைக்க உட்கார்ந்தா அவனும் வந்து உட்காருவான். "இதுல ரெண்டு கொட்டை, இதுல மூணு"ன்னு அவனே சொன்னான். சரி, ரெண்டு கொட்டையை இந்த முறத்துல போடு, மூணு கொட்டையை அந்தக் கூடையில போடுன்னேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கல. ஒரு நாள் ஒரு ஓட்டை உடைச்சான், உள்ள ஒண்ணுமே இல்ல. "அம்மா, இதை எதுல போடறது?"ன்னான். ஒண்ணுமில்லாததுக்குத்தான் பூஜ்யம்னு பேருன்னு சொன்னேன். எனக்குப் பூஜ்யம் புரிஞ்சது எத்தனாவது வகுப்புலன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

எழுத்து எப்படி வந்துதுன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரர் கொத்து வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் டவுன் பஸ்ல வருவார். பஸ் சத்தம் கேட்டா இவன் ரோட்டுக்கு ஓடுவான். எல்லா பஸ்லயும் அப்பா வர மாட்டார், நாலாம் நம்பர் பஸ்லதான் வருவார்னு அவங்க அக்கா சொல்லியிருக்கா. அன்னிக்கே, "நாலு எப்படி இருக்கும்?"னு கேட்டான். வாசல் மண்ணுல விரலால போட்டுக் காட்டினேன். அதுக்கப்புறம் காலண்டர்ல நாலு, ரேஷன் பையில நாலுன்னு தேடித் தேடிக் காட்டினான். அப்பா வர்ற பஸ்ஸைக் கண்டுபிடிக்கணும், அதுக்காகக் கத்துக்கிட்டான். நான் குழு நோட்டுல கையெழுத்து போடறதைப் பார்த்து, "என் பேரையும் எழுது"ன்னு நின்னான். அவன் பேரோட முதல் எழுத்தை முறத்துல கோலமாவு பரப்பி எழுதிக் காட்டினேன். திருப்பிப் போட்டான். நான் திருத்தல. பத்து நாள் கழிச்சு, "அம்மா, உன்னுது வேற பக்கம் பார்க்குது"ன்னு அவனே மாத்திக்கிட்டான்.

அதைப் பார்த்துட்டு இருந்த என் பொண்ணு கேட்டா. "அம்மா, தம்பி தப்பா எழுதினா அடிக்க மாட்டியா?" மாட்டேன் பாப்பான்னேன். "அப்போ என்னை மட்டும் ஏன் அடிச்ச?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. "அம்மாவுக்கு அப்போ தெரியல பாப்பா, தப்பு என் மேலதான்"னு சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு தம்பி பக்கத்துல உட்கார்ந்து அவளும் மாவுல எழுதினா. அதைச் சொல்லத்தான் இன்னிக்கு இங்க வந்தேன். 12,000 ரூபாய் கடனை பத்து தவணையில அடைச்சிட்டேன். இந்தக் கடன் இன்னும் அடையல.

இது புதுசா நான் கண்டுபிடிச்சது இல்ல. மரியா மாண்டிசோரின்னு இத்தாலி நாட்டு டாக்டரம்மா ஒருத்தங்களைப் பத்தி டீச்சர் சொன்னாங்க. 1907-ல் ரோம் நகரத்துல, ஏழைத் தொழிலாளிங்க குடியிருந்த இடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிச்சாங்க. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் தனியா சுத்திட்டு இருந்த பிள்ளைங்க அவங்க. கை கழுவறது, பெருக்கறது, எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கறதுன்னு பிள்ளைங்க கைக்கு ஏத்த வேலையைக் கொடுத்துட்டு, அதுங்க எப்படிக் கத்துக்குதுன்னு பக்கத்துல இருந்து கவனிச்சாங்க. 1939-ல் நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்காங்க. இன்னிக்கு அவங்க பேரை வெச்சு டவுன்ல ஃபீஸ் வாங்கறாங்க. ஆரம்பிச்சது என்னமோ நம்மள மாதிரி கூலிக்காரங்க பிள்ளைங்களுக்காகத்தான்.

எங்க அத்தை முதல்ல, "பையனை வேலைக்காரனா ஆக்கறியா?"ன்னு சத்தம் போட்டாங்க. இப்போ அவங்கதான் பல்லாங்குழியை எடுத்து வெச்சு அவனோட புளியங்கொட்டை எண்ணறாங்க. ராத்திரி ஒரே கதையை நாலு தடவை கேக்கறான்னு அலுத்துக்கிட்டே சொல்றாங்க.

பிள்ளை இஷ்டம்னா என்ன வேணா பண்ணட்டும்னு விடறது இல்ல. அதையும் சொல்லிடறேன். அடுப்பு, அரிவாள்மனை, கிணத்தடி, ரோடு, இதுலெல்லாம் 'வேணாம்'னா வேணாம்தான். மல்லாட்டை, புளியங்கொட்டை எல்லாம் சின்னதுங்க வாயில போட்டுக்கும், மூச்சை அடைச்சிடும். மூணு வயசுக்குள்ள கையிலயே கொடுக்காதீங்க. பெரிய பிள்ளையா இருந்தாலும் நீங்க பக்கத்துல உட்காருங்க. எழுந்து போறப்ப எடுத்து வெச்சிடுங்க.

வீட்டுல செய்யறோம்னு அங்கன்வாடியை நிறுத்திடவும் வேணாம். அங்க சத்துணவு இருக்கு, எடை பார்க்கறாங்க, மத்த பிள்ளைங்களோட சேர்ந்து ஆடிப் பாட முடியுது. இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பிச்சது. நாமளே பால்வாடியில வளர்ந்தவங்கதானே? சின்னவன் காலையில அங்க போறான். வீட்டுக்கு வந்தா என்னோட இருக்கான்.

"உனக்கு நேரம் இருக்கு, நாங்க நூறு நாள் வேலைக்குப் போறோம்"னு சில அக்காங்க சொல்றாங்க. நியாயம்தான். நான் தனியா நேரம் ஒதுக்கச் சொல்லல. துணி துவைக்கறப்ப அவன் சட்டையை அவன் கசக்கட்டும். வெங்காயத் தோலை உரிக்கட்டும். அஞ்சு புள்ளி கோலம் போடறப்ப புள்ளியை எண்ணட்டும். அவங்க கேள்வி கேட்டா, "சும்மா இரு"ன்னு சொல்லாம ஒரு வரி பதில் சொல்லுங்க. வேலை கொஞ்சம் மெதுவாகும், அது உண்மை. ஆறு மாசம் போனா பாதி வேலையை அவங்களே செய்வாங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்துக்கு நாம பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றோம். ஒரு மணி நேரம் அதுங்களை வாயை மூடிட்டு உட்காரு, ஆடாதேன்னு அதட்டிட்டே இருக்கோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாய், ஒரு பெட்டி வெப்போம். பெட்டிக்குள்ள ரெண்டு முறம், சின்ன சொம்பு, டம்ளர், மூடி போட்ட டப்பாங்க, பழைய துணி, சாக்பீஸ், படம் போட்ட நாலு கதைப் புத்தகம். காசு அதிகம் ஆகாது. வாரம் ஒரு உறுப்பினர் பாய் பக்கத்துல உட்காரட்டும். சொல்லிக் கொடுக்க வேணாம், பார்த்துக்கிட்டா போதும். இந்த வாரம் நானே உட்கார்றேன். தலைவி அக்கா இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன்.

ஃபீஸுக்குக் கடன் கேட்டு வர்ற தங்கச்சிங்களுக்கு நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். பிள்ளையை எங்க சேர்க்கறதுங்கறது அவங்கவங்க முடிவு. ஆனா சாயங்காலம் குச்சியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி என் பொண்ணு கேட்ட கேள்வியை ஒரு தடவை நினைச்சுக்குங்க.