வன்னி வீதியில் ஒரு தவறணை

ஏ-9 வீதியால் வவுனியாவிலிருந்து வடக்கே வெளிக்கிடுகிறோம். இந்தப் பாதையில் கோயிலும் குளமும் போர்ச் சின்னமும் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் கூட்டிப்போவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஓரிடத்துக்கு: கள்ளுத் தவறணைக்கு. முகம் சுளிக்கிற நேயர்கள் சுளித்துக்கொண்டே கேட்கலாம். குடிக்க இல்லை, பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஊர் காட்டக் கூட்டிப்போகிற இடங்களில் ஒரு பழைய 'பப்'பும் இருக்கும். நகரத்தின் நடுவில், தேவாலயத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில், பதிந்த கூரையும் கறுத்த மர விட்டமுமாக நிற்கும். வாசலில் சிங்கமோ மணியோ வெள்ளைக் குதிரையோ வரைந்த பலகை தொங்கும். பியர் வடித்து விற்கிறவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393 இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்தில் கட்டளை பிறந்தது. வாசிக்கத் தெரியாத சனத்துக்குப் படம்தான் பெயர். அரசன் மாறுவான், கடைக்காரன் மாறுவான், அந்தப் பலகையும் அந்தச் சுவரும் முந்நூறு நானூறு வருஷம் அப்படியே நிற்கும்.

ஆங்கிலேயருக்குப் பழமையில் பற்று அதிகம், அதுதான் காரணம் என்பார்கள். எனக்கென்னவோ காரணம் நிலவறையில் இருக்கிறதாகத்தான் படுகிறது. 15 ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஹொப் என்ற கொடியின் பூவைப் போட்டு வடித்த பியர், ஹொப் போடாத பழைய பானத்தைப் போலச் சில நாட்களில் புளித்துவிடாமல் மாதக்கணக்கில் தாங்கியது. தாங்குகிற சரக்குக்குப் பீப்பாய் வேண்டும். பீப்பாய்க்குக் குளிர்ந்த நிலவறை வேண்டும். நிலவறைக்கு மேலே உறுதியான ஒரு வீடு வேண்டும். பிறகு பெரிய வடிசாலைக்காரர் ஊரூராக அந்த வீடுகளை வாங்கித் தங்கள் பியரை மட்டும் விற்க வைத்தார்கள்.

கள்ளின் கதை வேறு. சீவல் தொழிலாளி விடியப்புறம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பனையில் ஏறுகிறார். பாளையைக் கட்டி, பொல்லால் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாளுக்கு நாள் மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டி விடுகிறார். முட்டிக்குள் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். கீழே இறங்கும்போது பியரளவுக்கு வெறி ஏறியிருக்கும். அடுத்த நாள் புளிப்பு, அதற்கடுத்த நாள் காடி. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் அதே மரம், அதே கத்தி, அதே கை தருவது கருப்பநீர். பிள்ளைகள் குடிக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். கள்ளுக்கும் கருப்பநீருக்கும் இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. சட்டமும் அந்தச் சுண்ணாம்பைத்தான் பார்க்கிறது.

நாளைக்கென்று ஒரு போத்தலும் மிஞ்சக் கூடாத வியாபாரத்துக்கு நிலவறை எதற்கு, கல்வீடு எதற்கு? நாலு கப்பு, கிடுகுக் கூரை போதும். அதனால் எங்கள் தவறணைக்கு முகப்புமில்லை, கட்டிய ஆண்டு பொறித்த கல்லுமில்லை. அதன் வயதை அறிய வேண்டுமென்றால் பக்கத்துப் பனங்கூடலைத்தான் பார்க்க வேண்டும்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். பஸ் ஓடுகிற வேகத்தில் இந்தப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. 1905 ஜனவரியில் இந்த வழியால் வந்த லெனாட் வூல்ஃப் என்ற இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தருக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. அனுராதபுரம் வரை ரயில். அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டி. தபால் வண்டி என்றால் நாலு குதிரை பூட்டியது என்று நினைக்காதீர்கள், மாட்டு வண்டிதான். தபால் மூட்டைகளைத் தட்டில் பரப்பி, மூட்டைகளுக்கு மேல் பயணிகள் படுத்து வருவார்கள் என்று தன் வாழ்க்கைக் கதையில் அவர் எழுதியிருக்கிறார். வால்தேரின் நூல்கள் பெட்டி பெட்டியாகவும் ஒரு நாயும் அவரோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் வடக்கு ரயில் பாதை முழுதாக ஓடத் தொடங்கிவிட்டது. ஏழெட்டு மாதம் பொறுத்திருந்தால் மனுசன் இருந்தே வந்திருக்கலாம்.

இப்படி வருகிற துரைமாருக்காகத்தான் வழிநெடுக றெஸ்ற் ஹவுஸ்கள் இருந்தன. வவுனியாவில், மாங்குளத்தில், முல்லைத்தீவில், ஆனையிறவில். ஆனையிறவு றெஸ்ற் ஹவுஸ் பழைய ஒல்லாந்தர் கோட்டையிலேயே இருந்தது. விறாந்தையில் இருந்தால் முன்னுக்குக் கடல்நீரேரி. பூநகரிக் கோட்டைக்குள்ளும் ஆங்கிலேயர் ஒன்று கட்டினார்கள். சாய்மனைக் கதிரை, சுவரில் கட்டண விபரம், கீப்பர், கோழிக்கறி, பிரண்டி. இங்கிலாந்தில் குதிரை வண்டிப் பாதைகளில் இருந்த சத்திரங்களை நினைத்து அவர்கள் போட்ட ஏற்பாடு இது. அங்கும் ரயில் வந்து பழைய சத்திரங்களைக் கவிழ்த்தது. இங்கும் ரயில் வந்தபின் துரை இடையில் இறங்கவேண்டிய தேவை குறைந்தது. மிச்சத்தைப் போர் பார்த்துக்கொண்டது.

சாதாரண சனத்துக்கு றெஸ்ற் ஹவுஸ் எட்டாது. அவர்களுக்கு மடமும் கேணியும் சுமைதாங்கியும். இப்போதும் இந்த வீதியில் எல்லா வாகனமும் மரியாதையாக நிற்கிற இடம் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். பஸ் நிற்கும், சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், சனம் கச்சான் வாங்கும். நாங்களும் ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவோம். அது பிறகு உதவும்.

அரசாங்கத்துக்குக் கள்ளைவிடச் சாராயத்தில் எப்போதும் விருப்பம் அதிகம். காரணம் அதே தாங்குகிற கணக்குத்தான். கள்ளு மரத்தடியில் குடித்து முடியும், எத்தனை போத்தல் என்று எந்தக் கந்தோரும் எண்ண முடியாது. சாராயம் பீப்பாயில் அடைபடும், வண்டியேறும், அளந்து வரி போடலாம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் பணக்காரரானார், கருவூலமும் நிரம்பியது. 1912 இல் மதுவரிச் சட்டம் வந்தபோது கள்ளுக்கென்று தனித் தவறணைகள் ஏற்பட்டன, அதோடு மதுவிலக்கு இயக்கமும் கொதித்தெழுந்தது. பிறகு ஊர்ச் சனம் வாக்குப் போட்டுத் தங்கள் ஊர்த் தவறணையை மூடலாம் என்ற ஏற்பாடும் வந்தது. இங்கிலாந்துக் குடியேற்ற அரசு இங்கிலாந்துக்காரனின் பப்புக்கு அப்படியொரு வாக்கெடுப்பு வைக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்த மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்தது மரவரி முறை: மரத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, சீவியவர் மரத்தடியிலேயே விற்பார். வாங்குகிறவர் குந்தியிருந்து பனையோலைப் பிளாவில் குடிப்பார். இதில் ஒரு சாதிக் கொடுமை இருந்தது, அதைச் சொல்லாமல் போனால் இந்த உரை பாதி உரை. காலையில் அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவர்கள், பத்து மணிக்கு அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் மற்றவர்கள் குடிக்கிற கிளாசில் அவருக்குக் கொடுக்கவிட மாட்டார்கள். தனிப் பேணி, அல்லது வெளியே நில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதன்பின் வந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும் இதற்கெதிராகத்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மரவரி போய், கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகள் வந்தன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயர்ப் பலகையை வன்னியிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். சீவுகிறவரே அதன் அங்கத்தவர். கள்ளைக் கொண்டுவந்து அளந்து கொடுப்பார், புத்தகத்தில் பதிவார்கள், சேமிப்பென்று ஒரு பங்கு பிடிப்பார்கள், மரத்தால் விழுந்தால் ஏதோ உதவிப் பணமும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதே தடை. அங்கிருந்து வருகிற நண்பர்கள் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு கள்ளு விற்பதைக் கண்டு வாய்பிளந்து நிற்பார்கள்.

இப்போது பரந்தன் சந்தியில் இடதுபக்கம் திரும்பிப் பூநகரி வீதியில் போகிறோம். வயல்வெளி முடிய மண் வெளிறும், காற்றில் உப்பு வரும், பனை தொடங்கும். வன்னியின் உட்பகுதி பாலையும் முதிரையும் நின்ற காடு. பனை கரையோரத்து மரம். பளைப் பக்கம் தென்னை. ஆகவே தவறணையும் அங்கங்கேதான்.

வீதியிலிருந்து நூறு யார் உள்ளே ஒரு தகரக் கொட்டகை. இரண்டு நீள வாங்கு. ஒரு மூலையில் பிளாஸ்டிக் கலன்கள், அவற்றின் வாயில் பன்னாடை. நல்லதை விட்டு மண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நன்னூல்காரர் கடைசி வாங்கு மாணாக்கனுக்கு உவமை சொன்ன அதே பன்னாடை. கள்ளு ஊற்றும்போது நுரை எழும்பும், நுரையோடு இரண்டு தேனீயும் வரும். பிளா குறைந்துவிட்டது, பிளாஸ்டிக் கோப்பைதான். வெளியே ஓர் அம்மா சட்டியில் சூடை மீன் பொரிக்கிறார். அவித்த கடலையும் உண்டு. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை.

"தம்பி, உதில இருங்கோ" என்று இடம் விடுகிறார் ஓர் அப்பு.

"இது காலமை இறக்கினதோ அப்பு?"

"காலமைதான். பின்னேரக் கள்ளு அஞ்சு மணிக்குப் பிறகு வரும். அதுக்கிடையில வந்தா இதைத்தான் குடிக்க வேணும், கொஞ்சம் புளிச்சிருக்கும். பனை முடிஞ்சா இதுவும் இல்லை, பிறகு தென்னைதான்."

வாங்கில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்த்தால் வன்னியின் குடியேற்ற வரலாறே வரும். கிளிநொச்சி 1936 இல் குடாநாட்டுக்காரருக்குக் காணி கொடுத்து உருவாக்கிய ஊர். அப்படி வந்தவரின் பேரன் ஒருவர். 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வந்த குடும்பத்தவர் ஒருவர். மூன்றாவது ஆள் பூநகரியிலேயே பிறந்த கடற்றொழிலாளி. கோயில் மண்டபத்தில் இவர்கள் மூவரும் சேர்ந்திருக்க எவ்வளவு காலம் பிடித்தது, இன்னும் எங்கெங்கே பிடிக்கிறது என்பது வேறு கதை. தவறணை வாங்கு அதைக் கொஞ்சம் முந்தியே செய்துவிட்டது. ஆண்களுக்கு மட்டும்தான், அதையும் சொல்ல வேண்டும். வெளியே மீன் பொரிக்கிற அம்மாவைத் தவிர அங்கே பெண்கள் இல்லை. மாலையில் வீட்டுக்கு எவ்வளவு காசு போகிறது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

போர்க்காலத்தில் பனை போன போக்கைப் பற்றிப் பேசினால் அப்புவின் குரல் மாறும். பதுங்குகுழிக்கு மேல்மூடப் பனங்குற்றி, காவலரணுக்குப் பனங்குற்றி. நின்றவற்றில் ஷெல் விழுந்து வட்டுப் போனவை மொட்டையாக நின்றன. வட்டுப் போன பனை திரும்பத் தளிர்க்காது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் நுழைந்தபோது கிளிநொச்சியில் சனமில்லை, எல்லோரும் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் கொட்டகை போட இரண்டு நாள் போதும். ஆனால் பனை விதை ஊன்றிப் பாளை வர 15, 20 வருஷம் செல்லும். மீள்குடியேறிய புதிதில் ஊன்றிய விதைகள் இப்போதுதான் கத்தி படுகிற பருவத்தை நெருங்குகின்றன. லண்டன் பப் ஒன்றில் குண்டு விழுந்தால் செங்கல் அடுக்கி ஓரிரு வருஷத்தில் திறந்திருப்பார்கள். இங்கே கொட்டகை தயார், மரம்தான் தயாரில்லை.

அந்த இடைவெளியில் கிளிநொச்சி நகரத்துக்குள் 'பார்'கள் வந்துவிட்டன. குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, தெற்கிலிருந்து லொறியில் வருகிற சாராயமும் பியரும். 2024 தேர்தல் காலத்தில் பார் லைசன்ஸ் யாருக்குக் கிடைத்தது என்பதே வடக்கின் மேடைப்பேச்சாக இருந்தது. நகர நடுவில் குடிக்கிற இடம் என்று பார்த்தால் ஆங்கிலேயரின் பப்புக்கு இந்தப் பார்தான் கிட்டிய உறவு. ஆனால் அதில் போகிற காசு ஊரில் ஒரு மரத்துக்கும் வராது. குடி கூடாது என்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. இரண்டும் குடிதானே என்று தவறணையையும் பாரையும் ஒரே தராசில் வைக்கிறவர்களோடு உண்டு. ஒன்றின் பின்னால் தினம் இரண்டு தரம் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற ஒருவரின் அடுப்பு எரிகிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து காலை ரயிலில் கிளிநொச்சியில் இறங்கலாம், அங்கிருந்து பரந்தன் வழியாகப் பூநகரிக்கு பஸ் உண்டு. அப்படியே 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். பனங்கள்ளுக் காலம் மாசி தொடங்கி ஆவணி மட்டும், மழை தொடங்கினால் பனையில் ஏற மாட்டார்கள். பூநகரிக் கோட்டையை முதலில் பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் அங்கே நிழல் இல்லை. தவறணையில் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், பலர் வீட்டுக்குச் சொல்லாமல் வந்திருப்பார்கள். வாகனம் ஓட்டுகிறவர் மீன் பொரியலோடு நிறுத்திக்கொள்ளட்டும். முறிகண்டியில் வாங்கிய கச்சானும் அவருக்குத்தான்.