ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளில் ஒரு குடும்பம்

1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கையை விட்டுப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில், உடன்பிறந்தோரில் ஒருவர் லண்டனிலும் ஒருவர் பாரிஸிலும் இன்னொருவர் டொரொன்டோவிலும் குடியேறிவிட, பெற்றோர் மட்டும் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்ட நிலை பரவலாகக் காணப்படுவதாகும். இத்தகைய குடும்பம் கோடை விடுமுறையில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஒன்றுகூடும்போது, அதனை வெறும் ஊர் பார்க்கும் பயணமாகக் கொள்ள இயலாது. அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்குப் பல ஆண்டுகளில் ஒருமுறை வாய்க்கும் நாள்கள் அவை என்பதால், கோபுரங்களும் அருங்காட்சியகங்களும் அந்தச் சந்திப்புக்குத் துணை நிற்க வேண்டுமே அன்றி, அதன் நேரத்தைப் பறித்துக்கொள்ளலாகாது.

பயணத்தின் முதல் வேலை விசா. பிரான்ஸ், தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் வலயத்தைச் சேர்ந்தது. பிரித்தானியா அதில் ஒருபோதும் சேர்ந்ததில்லை. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் வரும் அம்மம்மாவுக்கு இரண்டு விசாக்கள் தேவைப்படுகின்றன. ஒருவர் தாம் வாழும் நாட்டிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதியாதலால், லண்டனுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். அந்த விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டும் உரியதா, பல தடவைக்கு உரியதா என்பதையும் கவனிக்க வேண்டும். பாரிஸில் இறங்கி, லண்டனுக்குப் போய், மீண்டும் பாரிஸ் திரும்பும் திட்டம் ஒரு தடவை விசாவில் நிறைவேறாது. கனடாவிலிருந்து வரும் சித்திக்கு விசா வேண்டியதில்லை எனினும், 2025 ஜனவரி முதல் பிரித்தானியாவுக்குள் நுழைய இணையவழி முன்னனுமதி ஒன்றை அவரும் பெற்றாக வேண்டும். லண்டன் மாமாவோ, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் பயனாக, 2021 முதல் பிரான்சுக்குள் வெளிநாட்டவராகவே நுழைகிறார். எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் அவர் அங்கே தங்க முடியாது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளையும் தாயையும் மூன்று வெவ்வேறு சட்டங்கள் இவ்வாறு பிரித்து வைத்திருப்பது, புலம்பெயர்வின் வேதனைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றாகும்.

லண்டனில் முதியவர்கள் பெரிதும் விரும்புவது கோயிலும் உறவினர் வீடுகளுமே. ஹைகேட் முருகன் கோயிலும், ஆகஸ்ட் மாதத்தில் தேர் ஓடும் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலும் அவர்களுக்கு அந்நிய நகரை ஊராக்கித் தருகின்றன. எனினும் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முற்பகலை ஒதுக்குவது தகும். பொதுக் காட்சிக்கூடங்களுக்கு அங்கே கட்டணமில்லை. இலங்கையிலிருந்து வந்தோர் அங்கே அவசியம் காண வேண்டியது, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியில் கிடைத்த தாரா தேவியின் சிலை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தப் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை ஏறத்தாழ 143 சென்டிமீட்டர் உயரமுடையது. இடைக்கு மேல் ஆடையின்றி, வலக்கையைக் கீழே நீட்டி வரமருளும் நிலையில் நிற்கிறது. உயர்ந்த கொண்டையில் மணி பதித்திருந்த குழிகள் இப்போது வெறுமையாக உள்ளன. இலங்கையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்றிக் 1830இல் இதனை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அது எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர், அந்தக் கடற்கரையை அறிந்த மூத்தவர்தாம்.

ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இரு வழிகள் உண்டு. செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் யூரோஸ்டார் ரயில் இரண்டே கால் மணி நேரமளவில் பாரிஸை அடைகிறது. இரு அரசுகளின் உடன்பாட்டின்படி பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் லண்டன் நிலையத்திலேயே கடவுச்சீட்டைச் சரிபார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் மறுபடியும் வரிசையில் நிற்காமல் தெருவுக்கு வந்துவிடலாம். முழங்கால் வலியுள்ளோருக்கு இது பெரிய ஆறுதல். வழியில் உண்பதற்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு போவது மட்டும் கூடாது. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் பண்டங்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்ல 2021இல் தடை வந்துவிட்டமையால், மரக்கறி ரோல்ஸே பாதுகாப்பானது. ரயில் செல்லும் சுரங்கம் 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியாராலும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரோனாலும் திறந்து வைக்கப்பட்டது. அதன் 50 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலடியில் செல்கிறது. சுண்ணாம்பும் களியும் கலந்து, நீரை எளிதில் ஊடுருவவிடாத பாறைப் படுகையைத் தேடி அதனூடே அதைத் தோண்டினார்கள்.

ஆனால் சுரங்கத்தில் பார்ப்பதற்கு இருளைத் தவிர வேறொன்றுமில்லை. ஆதலால் கார் உள்ள குடும்பம் ஒரு வழியையேனும் டோவர் துறைமுகத்திலிருந்து கப்பலில் செல்வதே நன்று. ஒன்றரை மணி நேரத்தில் பிரான்சின் கலே துறைமுகம் வந்துவிடும். மேல்தளத்தில் நின்றால், பின்னால் டோவரின் வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறை மதில் விலகிச் செல்வதும், வானம் தெளிவாயிருந்தால் முன்னால் பிரான்சின் பிளான் நே முனையில் அதே வெண்மை எழுவதும் தெரியும். இரண்டும் ஒரே பாறைத்தொடரின் இரு வெட்டுமுகங்கள். ஒரு காலத்தில் இணைந்திருந்த அந்த நிலத்தைப் பனியூழிக் காலத்தின் பெருவெள்ளம் அறுத்ததால்தான் 33 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த நீரிணை உண்டாயிற்று.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். திறந்திருக்கும் நாள்களிலும், 77 சென்டிமீட்டர் உயரமேயுள்ள மோனா லிசா ஓவியத்தைக் காண நெருக்கியடிக்கும் கூட்டத்தில் முதியவர்களை நிறுத்துவது சரியன்று. அவர்களுக்கு ஏற்றது, ஆசியக் கலைகளுக்கென அமைந்த கிமே அருங்காட்சியகம். சோழர்கால நடராசரை அங்கே அமைதியாக நின்று காணலாம். யூரோஸ்டார் வந்து சேரும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவிலேயே லாச்சப்பல் இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் நகைக்கடைகளும், முருங்கைக்காய் முதல் பனங்கிழங்கு வரை விற்கும் மரக்கறிக் கடைகளும் நிறைந்த அப்பகுதியில், 1985இல் தோன்றிய மாணிக்கப் பிள்ளையார் கோயிலின் தேர் கோடை முடியும் வேளையில் பாரிஸ் தெருக்களில் வலம் வருகிறது. தேருக்கு முன்னே தெருவில் குவியலாக அடுக்கிய தேங்காய்களை உடைக்கும்போது இளநீர் வழிந்தோடும். விடுமுறையைத் தேரோடும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பொருத்திக்கொள்ளும் குடும்பங்கள் பல.

நாள்கள் எஞ்சியிருப்பின், கத்தோலிக்கரோடு இந்துக்களும் சேர்ந்து செல்லும் இரு மாதா திருத்தலங்கள் உள்ளன. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள வோல்சிங்கத்தில் ஆண்டுதோறும் கோடையில் தமிழர் திருவிழா நடைபெறுகிறது. பெர்னதெத் என்னும் சிறுமி 1858இல் மாதாவின் காட்சியைப் பெற்றதாக நம்பப்படும் லூர்து, தென்மேற்கு பிரான்சில் பிரனீஸ் மலையடியில் இருக்கிறது. அங்கே நடக்க இயலாதோரை நீலநிற வண்டியில் அமர்த்தித் தொண்டர்கள் இழுத்துச் செல்வர். காட்சி நிகழ்ந்ததாக நம்பப்படும் குகையான கெபியின் முன்னே அவர்களுக்கே முதலிடம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலிலும் ஐந்து மணி நேரமளவு ஆகுமாதலால், ஒரே நாளில் போய்த் திரும்பாமல் அங்கே இரண்டு இரவுகளேனும் தங்கினால்தான், மாலை நேர மெழுகுதிரிப் பவனியில் அம்மம்மா களைப்பின்றிக் கலந்துகொள்ள முடியும்.