பெயர் பெறாத இயங்குதளங்கள்



மனிதர்களுடைய பொழுதுபோக்குகள் பலவகைப்பட்டவை. சிலர் அஞ்சல் தலைகளைச் சேர்க்கிறார்கள். சிலர் பழைய நாணயங்களைத் தேடி அலைகிறார்கள். வேறு சிலர் பழுதுற்ற கடிகாரத்தைப் பிரித்து, மீண்டும் பூட்டி, அது ஓடக் கண்டு உவகை எய்துகிறார்கள். இவ்வரிசையில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த பொழுதுபோக்கு ஒன்று உண்டு. உலகத்தாருள் மிகச் சிலரே அறிந்த இயங்குதளங்களைத் தம் கணினியில் ஏற்றி, இயக்கி, பழகிப் பார்ப்பதே அது. "கணினியை வாங்கும்போதே ஓர் இயங்குதளம் அதனுடன் வருகிறதே, அதை விட்டு வேறொன்றை நாடுவானேன்?" என்று வீட்டிலுள்ளோர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை கூற முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இயங்குதளம் என்பது யாது? ஒரு பெரிய சத்திரத்தை எண்ணிப் பாருங்கள். வருகின்றவர்களுக்கு அறை ஒதுக்குவதும், ஒருவர் அறையில் மற்றொருவர் புகாமற் காப்பதும், கிணற்றங்கரையிலும் கூடத்திலும் எல்லோர்க்கும் முறை வைப்பதும் சத்திரத்து மணியக்காரரின் பொறுப்பு. கணினிக்குள் இப்பொறுப்பை ஏற்று நடத்துவதே இயங்குதளம். கடிதம் எழுதும் நிரலும், பாட்டு இசைக்கும் நிரலும், படம் காட்டும் நிரலும் அங்கே வந்து தங்குவோர். அவற்றுக்கு நினைவகத்தில் இடம் தருவதும், செயலியின் நேரத்தைப் பகிர்ந்தளிப்பதும் இயங்குதளமே. மணியக்காரர் திறமையுடையவராயின் அவர் இருப்பதே பிறர்க்குத் தெரியாது. நாள்தோறும் கணினியைத் தொடுகின்ற நம்மிற் பலர் இயங்குதளத்தைப் பற்றி எண்ணாமலிருப்பதற்கும் அதுவே காரணம்.

விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றின் பெயர்களை அறியாதார் இலர். லினக்ஸ் என்ற பெயரும் பலர்க்குப் பழக்கமானதே. இவற்றிற்கு அப்பால் ஹைக்கூ, பிளான் 9, ஃப்ரீடாஸ், மினிக்ஸ், நெட்பிஎஸ்டி என்று எத்தனையோ இயங்குதளங்கள் உள்ளன. இவற்றின் மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கடையில் வாங்கிய பட்சணத்தை உண்ணத்தான் முடியும். அதன் பக்குவத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால், நாமே செய்யலாம். நம் நாவுக்கேற்ப மாற்றலாம். பிறர்க்கும் சொல்லிக் கொடுக்கலாம். மூல நிரல் அத்தகைய பக்குவக் குறிப்பு. அது கையில் இருப்பதன் அருமையை விளக்க ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

ஆப்பிள் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்த ழான் லூயி காசே என்னும் பிரெஞ்சுக்காரர், அங்கிருந்து விலகி, 1990-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் 'பி' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய சுமை எதனையும் தாங்காத புதிய இயங்குதளம் ஒன்றை அமைப்பதே அவருடைய எண்ணம். அதற்கு பி-ஓ.எஸ். என்று பெயர். ஒரே சமயத்தில் பல நிகழ்படங்களையும் ஒலிகளையும் தடங்கலின்றி இயக்கிக் காட்டி, அது பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1996-இல் ஆப்பிள் நிறுவனமே இதனை விலைக்கு வாங்கப் பேச்சு நடத்தியது. பேரம் படியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தேர்ந்து கொண்டது. 'பி' நிறுவனம் தளர்ந்தது. 2001-இல் அதன் உடைமைகள் 1 கோடியே 10 இலட்சம் டாலருக்கு பாம் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. பி-ஓ.எஸ்.ஸின் வளர்ச்சி அத்துடன் நின்றது.

அதனை விரும்பிப் பயன்படுத்தியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூல நிரலின் பெரும்பகுதி நிறுவனத்தின் பெட்டகத்துள் பூட்டப்பட்டிருந்தது. பிழை கண்டால் திருத்துவாரில்லை. புதிய கருவி வந்தால் பொருத்துவாரில்லை. எனினும் அவர்கள் கைவிட்டுவிடவில்லை. அதே 2001-ஆம் ஆண்டில், மைக்கேல் ஃபிப்ஸ் என்பவர் முன்னின்று தொடங்க, அதே போன்ற இயங்குதளத்தை முதலிலிருந்து தாங்களே எழுதிவிடுவதென்று சிலர் துணிந்தனர். அதன் மூல நிரல் எந்நாளும் திறந்தே இருக்கும் என்பது அவர்கள் கொண்ட உறுதி. 2004-இல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் சூட்டினர். பி-ஓ.எஸ்.ஸின் உலாவியில் பிழைச் செய்திகள் ஜப்பானிய ஹைக்கூக் கவிதை வடிவில் தோன்றுவது வழக்கம். அந்நினைவால் எழுந்த பெயர் இது.

ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், பல நாடுகளில் இருந்துகொண்டு செய்யும் பணி விரைந்து முடிவதன்று. ஹைக்கூவின் முதல் ஆல்ஃபா பதிப்பு 2009-இல் வந்தது. முதல் பீட்டா 2018-இல் வந்தது. ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலான உழைப்பு இது. நிறுவனம் நிலைத்தது ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளே. அதன் அன்பர்கள் தொடங்கிய பணியோ அதனினும் இரு மடங்கு காலம் நீடித்துவிட்டது. திறந்த நிரலின் வலிமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமோ?

ஹைக்கூவில் கற்கத்தக்கவை பல. ஒன்றை மட்டும் கூறுகிறேன். அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் நாம் விரும்பும் பண்புகளைச் சேர்த்து எழுதி வைக்கலாம். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு. எழுதியவர் யார், பொருள் என்ன, படித்தாயிற்றா என்பவை அதன் பண்புகள். 'இன்னார் எழுதியவற்றுள் படிக்காதவை எவை?' என்று கேட்டால், அஞ்சல் நிரலின் துணையின்றி இயங்குதளமே எடுத்துக் காட்டும். புதிய அஞ்சல் வந்ததும் அப்பட்டியல் தானே மாறும். இதனைச் சில நாள் பழகியவர், 'பிற தளங்களில் இஃது ஏன் இவ்வாறு இல்லை?' என்று எண்ணத் தொடங்குவார். கணினி இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது தளர்கிறது. இப்பொழுதுபோக்கின் முதற்பயன் அதுவே.

அடுத்து பிளான் 9. யூனிக்ஸ் என்னும் புகழ்பெற்ற இயங்குதளம் பிறந்த அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தில், அதனைப் படைத்தவர்களுட் சிலரும் சேர்ந்து உருவாக்கியது இது. வெளியார்க்கு 1992-இல் வழங்கப்பட்டது. திரை, விசைப்பலகை, வலைத்தொடர்பு ஆகிய அனைத்தையும் கோப்புகளாகவே கருதி ஆள்வது இதன் கோட்பாடு. வணிக உலகில் இது வெற்றி பெறவில்லை. ஆயினும் தமிழர்களாகிய நாம் இதற்கு ஒரு வகையிற் கடமைப்பட்டுள்ளோம்.

1990-களில் வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்ந்து, கணினி வழியே தமிழில் கடிதம் பெற்றவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு நம்மிடம் இல்லையேல், கடிதம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991-இல் வந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. அவ்வெண்களைப் பழைய நிரல்கள் தடுமாறாதபடி எவ்வாறு கோப்பில் எழுதுவது என்பதே அடுத்து எழுந்த சிக்கல். 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, கென் தாம்ஸன் என்னும் அறிஞர், ராப் பைக் உடனிருக்க, உணவுத் தட்டின்கீழ் விரிக்கும் தாளில் இதற்கு ஒரு வழி வகுத்தார். சில நாட்களுக்குள் பிளான் 9 முழுவதும் அம்முறைக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்று யூ.டி.எஃப்-8 என வழங்குவது. அம்முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள். 'அம்மா' என்னும் சொல்லில் ஐந்து குறியீடுகள். ஆகவே பதினைந்து பைட்டுகள். டில்லியிலிருந்து ஒருவர் தம் தாய்க்கு அனுப்பும் செய்தி மதுரையிற் சிதையாமற் போய்ச் சேர்வது இம்முறையினாலேதான். அதனை முதன்முதல் முழுமையாக ஏற்று நடந்த இயங்குதளம், பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத பிளான் 9. 2021-இல் அதன் உரிமை பிளான் 9 அறநிலையத்திற்கு மாற்றப்பட்டு, நிரல் தாராளமான உரிமத்தில் வெளியிடப்பட்டது.

ஃப்ரீடாஸைப் பற்றி ஒரு சொல். மைக்ரோசாப்ட் தன் டாஸ் தளத்தைக் கைவிட இருப்பதை அறிந்து, ஜிம் ஹால் என்னும் அமெரிக்க மாணவர் 1994-இல் தொடங்கியது இது. முதற்பதிப்பு முழுமை பெற்று 2006-இல் வந்தது. பழைய கணக்கு நிரல்களையும் விளையாட்டுகளையும் மீண்டும் இயக்க விரும்புவோர்க்கு இஃது உற்ற துணை.

இனி, இதில் இறங்க விரும்புவோர் செய்ய வேண்டுவன யாவை? எளிய வழி, இருக்கும் கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினி ஒன்றை அமைப்பது. வர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு முதலிய இலவச நிரல்கள் இதற்கு உதவும். அதற்குள் என்ன நேர்ந்தாலும் வெளியிலுள்ள கோப்புகளுக்கு ஊறு நேராது. இரண்டாவது வழி, யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றி அதிலிருந்தே இயக்குவது. மூன்றாவது, மூலையிற் கிடக்கும் பழைய கணினியை இதற்கென ஒதுக்குவது. ஹைக்கூவுக்குக் குறைந்த அளவாக 384 மெகாபைட் நினைவகம் போதும் என்பர். புதிய விண்டோஸுக்குப் போதாதென்று ஒதுக்கப்பட்ட கணினி இங்கே மீண்டும் பயன்படக்கூடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. வன்தட்டில் எதனையும் நிறுவுமுன் கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். இயங்குதளத்தை அதற்குரிய இடத்திலிருந்தே பெற்று, அங்குத் தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுங்கள். கம்பியில்லா இணைப்பும் ஒலியும் எல்லாக் கணினிகளிலும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வங்கிக் கணக்கு முதலிய காரியங்களுக்கு இவற்றைப் பயன்படுத்தாமலிருப்பது நன்று. ஹைக்கூவின் பீட்டா பதிப்புகள் ஒருவரே ஆளும் தளமாக அமைந்தவை. அங்கே ஒவ்வொரு நிரலுக்கும் முழு அதிகாரம் உண்டு.

நிரல் எழுதத் தெரியாதவர்க்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். உண்மையில் அவர்க்கே வேலை மிகுதி. சிறு இயங்குதளத்தை எழுதுவோர் சிலரே. உலகிலுள்ள எல்லாக் கணினிகளையும் அவர்கள் வாங்கிச் சோதிக்க இயலாது. 'இன்ன கணினியில், இன்ன செய்தபோது, இன்னது நேர்ந்தது' என்று தெளிவாக எழுதியனுப்பும் ஒருவர், நிரலர்க்கு ஒப்பான தொண்டு செய்தவராவார்.

தமிழறிந்தவர்க்கோ அங்கே தனியொரு பணியும் காத்திருக்கிறது. 'கொ' என்னும் எழுத்தைக் கணினி இரண்டு குறியீடுகளாகவே வைத்திருக்கும். முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. திரையிற் காட்டும்போது அக்குறியைப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். இதற்கென எழுத்து வடிவங்களை ஒழுங்குபடுத்தும் பகுதி ஒன்று தேவை. சிறு தளங்கள் எல்லாவற்றிலும் அது நிறைவாக இருப்பதில்லை. கொம்பு இடம் மாறி நின்றால் ஜெர்மனியிலுள்ள நிரலருக்கு அது பிழையென்றே தோன்றாது. புனேயிலோ புவனேசுவரத்திலோ அமர்ந்திருக்கும் ஒரு தமிழரின் கண்ணுக்கு அது நொடியிற் படும். அவர் எழுதும் பத்து வரிக் குறிப்பும், சரியான வடிவத்தைக் காட்டும் ஒரு படமும் போதும். திருத்துவோர்க்கு வழி பிறக்கும். எவரும் சொல்லாவிடின் அத்தளத்தில் தமிழ் பிழையாகவே நின்றுவிடும். பட்டியல்களிலும் அறிவிப்புகளிலும் வரும் சொற்களைத் தமிழாக்கித் தருவதும் இவ்வாறே யாரேனும் ஒருவர் முன்வந்து செய்தாலன்றி நடவாத காரியம்.

விற்பனைக்கு வரும் பொருளை விற்பவர் காப்பார். விற்பனை நின்ற நாளில் கைவிடுவார். எவரும் விற்காத இயங்குதளத்தை, அதனை நாள்தோறும் இயக்கிப் பார்க்கிறவர்களே காக்கிறார்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒன்றை இயக்கிப் பாருங்கள். இயங்கியதும் முதல் வேலையாகத் தமிழில் ஒரு வரி எழுதி, எழுத்துகள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று நோக்குங்கள். நின்றால் மகிழுங்கள், நில்லாவிடின் எழுதியனுப்புங்கள்.