அத்தை பார்க்காத படம்

2016 வரை இன்ஸ்டாகிராமில் கடைசியாகப் போட்ட படம்தான் முதலில் வரும். பிறகு அந்த வரிசையை அல்காரிதம் கையில் எடுத்துக்கொண்டது. யார் எதைப் பார்த்து நிற்கிறார், எதற்கு லைக் போடுகிறார் என்று கணித்து, அதுவே பரிமாறியது. மருமகள் போட்ட பிள்ளையின் பிறந்தநாள் படம், அத்தையின் கண்ணில் பட மூன்று நாள் ஆகும்!

2022 ஜூலையில் பொறுமை போனது. முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களே திரையை நிறைத்ததால், பழைய இன்ஸ்டாகிராமைக் கேட்டுப் பயனர்கள் கொதித்தார்கள். பிரபலங்களான கைலி ஜென்னரும் கிம் கர்தாஷியனும் சேர்ந்துகொண்டார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கிவந்து, பரிந்துரைகளைக் குறைத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மாற்று வழியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. பயனரின் விருப்பத்தைக் கணிக்காத ஒரு வரிசையையும் பெரிய தளங்கள் தந்தாக வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அது கட்டாயம்.

இன்ஸ்டாகிராமில் 'ஃபாலோயிங்' என்ற பகுதி 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைத் தொட்டால், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் புதியது முதலாக வரும். அத்தைக்கும் படம் அன்றைக்கே கிடைக்கும்.