சர்க்கரைத் தண்ணீரில் வளரும் செல்கள்



மெக்கானிக்கல் படித்தவன் செல்களைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நினைப்பீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆய்வக இன்குபேட்டர்களைச் சர்வீஸ் செய்வது என் வேலை. ஒருநாள் ஓர் ஆராய்ச்சி மாணவி போன் செய்தார். "சார், உங்க மெஷின் சரியில்லை. மீடியம் ரெண்டே நாள்ல மஞ்சளாயிடுது." போய்ப் பார்த்தேன். வெப்பம் 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். எல்லாம் சரி.

பிறகு பாட்டில் லேபிளைப் படித்தோம். குளுக்கோஸ் லிட்டருக்கு 4,500 மில்லிகிராம்! வெறும் வயிற்றில் நம் ரத்தத்தில் இருப்பது 700 முதல் 1,000 வரைதான். இப்படி ஊட்டினால் செல், குறிப்பாகப் புற்றுநோய்ச் செல், குளுக்கோஸை அவசரமாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஓய்வெடுக்கிறது. குளுக்கோஸை முழுக்க எரித்தால் 30 ஏ.டி.பி. வரை கிடைக்கும், இந்தக் குறுக்கு வழியில் இரண்டே இரண்டு. கிராப்ட்ரீ என்பவர் 1929-லேயே இதைக் கவனித்திருக்கிறார். மீடியத்தை மஞ்சளாக்கியது அந்த அமிலம்தான்.

இதனால் என்ன நஷ்டம்? ரோட்டினோன் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் விஷம். குளுக்கோஸில் திளைத்த கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் அதைத் தாங்கிக்கொண்டன. குளுக்கோஸை எடுத்துவிட்டு கேலக்டோஸ் கொடுத்து, மைட்டோகாண்ட்ரியாவையே நம்பி வாழ வைத்தபோது மடிந்தன. இது 2007-இல் வெளிவந்த ஆய்வு. அப்படியானால், சர்க்கரைத் தண்ணீரில் மட்டும் சோதித்த ஒரு மருந்து "பாதுகாப்பானது" என்று பாஸாகிவிடலாம். விழுங்கப்போவது நோயாளி!

ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியை ஷெட்டுக்குள் ஓட்டிப் பார்த்ததோடு விட்டுவிடவில்லை. ராஜஸ்தான் மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். செல்லுக்கும் அந்த நியாயம் வேண்டாமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷமாக 37, 5 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்து 'ஓ.கே.' என்று கையெழுத்துப் போட்டவன் நான். என் ரிப்போர்ட்டில் ஆக்சிஜனுக்குக் கட்டமே கிடையாது. சாதாரண இன்குபேட்டருக்குள் அது ஏறக்குறைய 18 சதவீதம். உடம்பில் பெரும்பாலான திசுக்களில் 10-க்கும் கீழே. இப்போது ஆக்சிஜனுக்கும் குளுக்கோஸுக்கும் கட்டம் போட்டிருக்கிறேன்.

தம்பி தங்கைகளே, எந்த ரிசல்ட்டைப் பார்த்தாலும், "எந்த நிலைமையில் எடுத்தது?" என்று முதலில் கேளுங்கள். நான் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் முதல் நாளே கேளுங்கள்.