விடுதிக்குச் சென்ற பிள்ளையும் வீட்டிலிருக்கும் பெற்றோரும்

(ஆலங்குளத்தில், பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பும் பெற்றோர்முன் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிப் பொறியியலுக்கோ மருத்துவத்திற்கோ இடம்பெற்ற பிள்ளையைப் பெட்டியோடும் படுக்கையோடும் பேருந்தேற்றி அனுப்பும் நாள், இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குத் திருவிழாவினும் பெரிய நாள். உற்றார் வந்து வாழ்த்துகின்றனர், ஊரார் வழியனுப்புகின்றனர். மறுநாட் காலை, தந்தை தம் வேலைக்கும் தாய் தம் வேலைக்கும் சென்றுவிடுகின்றனர். பிள்ளை புதியதொரு வகுப்பறையிற் போய் அமர்கின்றது. கடினமான தேர்வு முடிந்துவிட்டது என்று வீடு நினைத்திருக்கும் அந்நாளில்தான், அதனினுங் கடினமான தேர்வு தொடங்குகின்றது. அத்தேர்வில் பிள்ளை தனித்து விடப்படுவது ஏன், பெற்றோர் அங்குச் செய்யத்தக்கது யாது என்பவையே ஈண்டு எண்ணிப் பார்க்கத்தக்கன.

கற்பதற்காக ஊரைவிட்டுப் போதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1922-இல் சிவகாசியினின்று ஐயநாடார், சண்முகநாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வங்கத்தார் மொழி அவர்தம் தாய்மொழி அன்று. அதனால் அவரை அறிவிலார் என்று எவரும் சொல்லவில்லை. அவர் கற்றுவந்த தொழிலே வானம் பார்த்த இக்கரிசற் காட்டுக்குச் சோறிட்டது.

ஆயின் அத்தொழில் சோறிட்டதோடு நில்லாது, பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைகளின் கைகளையும் பற்றிக்கொண்டது. எழுதுகோல் பிடிக்கவேண்டிய விரல்கள் தீப்பெட்டி ஒட்டின, குச்சி அடுக்கின. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் நடுவணரசின் குழந்தைத் தொழிலாளர் மீட்புத் திட்டம் சிவகாசி வட்டாரத்தில் தொடங்கப்பெற்றது. 1996-இல் உச்ச முறைமன்றம், இடர்மிகு தொழிலிற் சிறாரை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 உருபா செலுத்தவேண்டும் என்று தீர்ப்புரைத்தது. அவ்வழக்கு இச்சிவகாசிச் சிறாரைப் பற்றியதே. அன்று சிறாராயிருந்தவர் பலர் இன்று பெற்றோராயிருக்கின்றனர். தாம் தொடமுடியாத சுவடியைத் தம் மக்கள் தொடவேண்டும் என்று அவர்கள் உழைத்த உழைப்பு சிறிதன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல்லாண்டுகள் தமிழகத்தின் முதலிடத்தில் நின்றமைக்கு ஆசிரியரின் உழைப்போடு இவ்வுழைப்பும் கரணியமாகும்.

கதவுகளும் ஒவ்வொன்றாய்த் திறந்தன. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குப் பொறியியற் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கென நூற்றுக்கு 7.5 இடங்கள், 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் ஒதுக்கப்பெற்றன. திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் திட்டம் மாணவியர்க்கு 2022-இலும் மாணவர்க்கு 2024-இலும் தொடங்கிற்று. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால் இவை வாயில்வரை கொண்டுசேர்க்கும் உதவிகள். வாயிலைக் கடந்தபின் பிள்ளைக்கு நேர்வதைப் பெற்றோர்க்குச் சொல்வார் இலர்.

அங்கு நேர்வது இது. ஊர்ப் பள்ளியில் முதல்வனாயிருந்த பிள்ளை, நூறு பள்ளிகளின் முதல்வர்களோடு ஒரே வகுப்பில் அமர்கின்றது. அவருள்ளும் ஒருவர் இறுதியில் நிற்றல் இயல்பு. பள்ளியில் ஓராண்டு நடத்தும் அளவுக்குரிய பாடம் அங்குச் சில திங்களிற் கடந்துவிடுகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழிற் படித்த பிள்ளைக்கு விசை தெரியும், முடுக்கம் தெரியும், உந்தம் தெரியும். ஆசிரியர் ‘மொமெண்டம்’ என்று சொன்ன நொடியில், தனக்குத் தெரிந்த உந்தமே அது என்பது தெரியாமல் திகைக்கின்றது. அத்திகைப்பில் அடுத்த வரி கைநழுவுகின்றது. அடுத்த வரியோடு அன்றைய பாடமே போகின்றது. எழுந்து கேட்கலாமெனின் ஆங்கிலத்திற் கேட்கவேண்டும். பிழைபடப் பேசினால் நகைப்பரோ என்னும் கூச்சம் நாவைக் கட்டுகின்றது.

கேடு இங்குத்தான் பிறக்கின்றது. ‘எனக்கு இச்சொல் தெரியவில்லை’ என்று எண்ணவேண்டிய பிள்ளை, ‘எனக்கு அறிவில்லை’ என்று எண்ணத் தொடங்குகின்றது. முதற் பருவத் தேர்வில் இரண்டு தாள்களிலோ மூன்று தாள்களிலோ தவறி, ‘அரியர்’ என வழங்கும் நிலுவை விழுந்துவிட்டால், அவ்வெண்ணம் உறுதியாகின்றது. வீட்டிற்குச் சொல்ல அஞ்சுகின்றது; பின் வீட்டோடு பேசவே அஞ்சுகின்றது.

மொழியறியாமை வேறு, அறிவின்மை வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்கு முதலில் உணர்த்தவேண்டியவர் பெற்றோரே.

இதற்குச் சான்று வேண்டுவார், கணக்கறிஞர் இராமானுசனின் வாழ்வைக் காண்க. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவர், 1904-இல் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கில் அவருக்கு ஒப்பாரில்லை. ஆயினும் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல், பதினெட்டு அகவை நிரம்புமுன், வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். ‘காணாமற்போன பையன்’ என்று நாளிதழிற் செய்தி வந்தது. மீண்டுவந்து 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. அதே இளைஞர் 1914-இல் கேம்பிரிட்சு சென்றார். 1918-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். கல்லூரித் தேர்வு அவரை அறிவிலி என்று சொன்ன ஆண்டுகளிலும், அவர் குறிப்பேடுகளில் அறிவு ஊறிக்கொண்டேயிருந்தது. அவ்வறிவை அத்தேர்வுகள் அளக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இராமானுசன் ஆகார் எனலாம். ஆயின் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தேர்வில் தவறக்கூடும். அந்நாளில் ஓடி ஒளியாமல் வீட்டிற்கு வந்து சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருத்தல் வேண்டும். அத்துணிவைப் பெற்றோரே முன்கூட்டிக் கொடுத்து வைத்தல் வேண்டும்.

ஆனால் பெற்றோர் அன்பினாலேயே செய்துவிடும் பிழைகள் மூன்றுள.

முதற்பிழை, பட்ட பாட்டைச் சொல்லிக் காட்டுதல். “உனக்காகவே நகையை அடகு வைத்தோம், வெடிமருந்துத் தூளில் மூச்சுமுட்ட உழைக்கிறோம்” என்பது உண்மையே. பிள்ளைக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்ததை வாரந்தோறும் சொல்வது, ஏற்கெனவே சுமைதாங்கி நிற்கும் தோளில் மேலுமொரு கல்லை ஏற்றுவதாகும். கடன்பட்டவர் கடன்கொடுத்தவரைக் கண்டு ஒளிவதுபோல், பிள்ளை பெற்றோரைக் கண்டு ஒளியத் தொடங்கும்.

இரண்டாவது பிழை, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல். இதன் தீமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது பிழையே பெரும்பிழை. “நாங்கள் படியாதவர்கள், அந்த ஆங்கிலப் பாடத்தில் எங்களுக்கு என்ன தெரியும்?” என்று வாயடைத்துப் போதல். இவ்வாறு ஒதுங்கும் பெற்றோர், பிள்ளையின் கையிலிருந்த ஒரே ஊன்றுகோலை அறியாமலே பறித்துவிடுகின்றனர்.

பெற்றோர்க்கு ஒன்றும் தெரியாது என்பது மெய்யன்று. வெடிமருந்துக் கலவை வேலையை வெயிலேறுமுன் முடிக்கவேண்டும் என்பதும், உராய்வு ஆகாது என்பதும், அளவு தப்பினால் உயிர் தப்பாது என்பதும் இவ்வட்டாரத் தொழிலாளர்க்குத் தெரியும். வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள் ஆகியவற்றைக் கையாண்டு பழகியவர்கள் அவர்கள். வெடியுப்பு சூடேறினால் உயிர்வளியை வெளிவிடும், கந்தகம் விரைந்து தீப்பற்றும், கரி எரிபொருளாகும், அலுமினியம் வெண்ணொளி தரும். கல்லூரியின் வேதியியல் நூல் ஆங்கிலத்திற் சொல்வதும் இதையே. தாயின் கைப்பட்டறிவும் மகளின் பாடநூலும் ஒரே செய்தியை இருவேறு மொழியிற் சொல்லுகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் பாலம் தமிழ்.

ஆகலின், வாரத்தில் ஒருநாள் தொலைபேசியிற் பேசும்போது, “எத்தனை மதிப்பெண்?” என்னும் வினாவை விடுத்து, “இந்த வாரம் என்ன படித்தாய்? எனக்கு விளங்கும்படி தமிழிற் சொல்” என்று கேட்டல் நன்று. தமிழிற் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் விளங்கிற்று என்று பொருள். முடியாவிட்டால் எந்த இடத்தில் விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். கேட்பவர் பட்டம் பெற்றவராயிருக்க வேண்டுவதில்லை, காதுகொடுப்பவராயிருந்தாற் போதும். ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லையும் அதற்கெதிரே பள்ளியிற் கற்ற தமிழ்ச் சொல்லையும் நாளும் பத்துப் பத்தாக எழுதிவரச் சொல்லலாம். ஒரு பருவத்துக்குள் ஆங்கிலச் சொற்கள் பழகிவிடும். தமிழ்ச் சொற்களும் மறவா.

இன்னும் செய்யத்தக்கன சில. செலவுக்குரிய பணத்தைத் திங்களின் தொடக்கத்திலேயே, சிறிதாயினும் தவறாமல், அனுப்புக. கேட்டுக்கேட்டுப் பெறும் நிலை பிள்ளையின் தன்மானத்தைத் தின்னும். நிலுவைத் தாளை மீண்டும் எழுதித் தேறலாம். அது வாழ்வின் முடிவன்று என்பதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லி வைக்க. மூத்த மாணவர் கொடுமை செய்தால் மறைக்கவேண்டா எனவும் சொல்லுக. தமிழகத்தில் 1997-ஆம் ஆண்டு முதற்கொண்டே அதற்கெதிராகச் சட்டமுண்டு. பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் இருத்தல், பேச்சைத் தவிர்த்தல், வாழ்வில் வெறுப்புத் தோன்றப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால், “சோம்பல்” என்று கடியாமல் உடனே நேரிற் சென்று காண்க. ஒருநாட் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம். உளநலத் துணைக்கென 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம், அதில் இழிவொன்றுமில்லை.

விருதுநகர் மாவட்டம் 1985-இற் பிரியுமுன் இராமநாதபுரத்தோடு ஒன்றாயிருந்தது. அவ்விராமநாதபுரத்தின் இராமேசுவரத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்க அவருக்கு இடங்கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 உருபா வேண்டியிருந்தது. வீட்டிற் பணமில்லை. தமக்கையார் தம் பொன்வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரியில் அவர் வரைந்த வானூர்தி வடிவமைப்பு நன்றாக இல்லை என்று இயக்குநர் கடிந்து, மூன்று நாளில் முடிக்காவிடின் உதவித்தொகை நிற்கும் என்று சொன்னதும் உண்டு. உறக்கம் விட்டு உழைத்து முடித்தார். அவரே அக்கல்லூரித் தமிழ்ச் சங்கத்தின் போட்டிக்கு, நம் வானூர்தியை நாமே செய்வோம் என்னும் கருத்தில், தமிழிற் கட்டுரை எழுதி முதற்பரிசு பெற்றார். ஆங்கிலத்திற் கற்ற வானூர்திக் கலையைத் தமிழில் எண்ணவும் எழுதவும் அவரால் முடிந்தது. கலை அவருக்குச் சொந்தமாயிற்று என்பதற்கு வேறு சான்று எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் மகனாகிய சிவன், ஊர்ப் பள்ளியில் தமிழிற் பயின்றவர். அவர் பொறியியல் கற்க விரும்பியபோது வறுமையால் தந்தை இசையவில்லை. மகன் கணக்குப் பாடத்திற் பட்டம் பெற்றார். பின்னர் அத்தந்தையே மனம்மாறி, நிலத்தை விற்றேனும் படிக்கவைப்பதாக முன்வந்தார். எம்.ஐ.டி.யில் 1980-இற் பொறியியற் பட்டம் பெற்ற அம்மகன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்தார். பள்ளித் தமிழ் அவரைத் தடுத்ததோ? இல்லை. மகனின் விருப்பத்தைக் கேட்டுத் தம் முடிவை மாற்றிக்கொண்ட தந்தையின் பெருமையும் இங்கு எண்ணத்தக்கது.

உயர்கல்வி முழுவதும் தமிழில் நடைபெறுதலே முறை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இற் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது அவ்வழியில் ஓரடி. அடுத்த அடிகளை எடுத்து வைக்கும் பொறுப்பு அரசுக்கும் அறிஞர்க்கும் உண்டு. அவர்கள் எடுத்து வைக்கும்வரை இன்று விடுதியில் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. வகுப்பறை மறுத்த தமிழை வீடு கொடுத்தல் வேண்டும்.

பெற்றோரே! பிள்ளையைப் பேருந்தேற்றும் நாளில், பெட்டியில் வைக்கும் பண்டங்களோடு இவ்வொரு சொல்லையும் சேர்த்து வைத்தனுப்புங்கள்: “தேறினாலும் வா, தவறினாலும் வா. கதவு திறந்திருக்கும்; உலையிற் சோறிருக்கும்.” இச்சொல்லைக் கேட்டுச் சென்ற பிள்ளை எளிதில் ஓடாது, ஒளியாது, தன்னை அறிவிலி என்று எண்ணாது. தலைநிமிர்ந்து கற்கும், தமிழில் எண்ணும், தமிழர்க்கும் பயன்படும்.