எண்ணெய் பட்ட தாள் எந்தப் பெட்டியில்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. ஒளி ஊடுருவும் பொருள், பகுதி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள் என்று கரும்பலகையில் மூன்று பெட்டி போட்டு, கண்ணாடி, எண்ணெய்த் தாள், மரக்கட்டை என்று எழுதிவிட்டால் இந்தப் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளும் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒப்பிக்கிற பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது?

பாடத்தைத் தொடங்கும் முன், "வெயிலில் நிற்கும் உன்னையும் உன் நிழலையும் வரை" என்று சொல்லிப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பலர் நிழலுக்கும் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாம் வரைந்து தருவார்கள். நிழலையும் கண்ணாடியில் தெரியும் உருவத்தையும் அவர்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். தவறு என்று சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். மைதானத்துக்கு அழைத்துப்போய், "உன் நிழலில் பொத்தானைக் காட்டு" என்றால் போதும். நிழல் என்பது ஒளி வந்து சேராத இடம் என்பதை நாம் சொல்வதற்குள் ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும்.

அடுத்துதான் பொருள்கள். என் வகுப்பில் சாதாரண நோட்டுத் தாளில் தொடங்குகிறேன். "இது எந்தப் பெட்டி?" என்றால் "ஊடுருவாப் பொருள், டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வரும். தாளுக்குப் பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்தால் தாள் முழுக்க வெளிச்சமாக இருக்கும். உடனே "பகுதி ஊடுருவும்" என்று மாற்றிக்கொள்வார்கள். இப்போது ஒவ்வொரு தாளாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். எத்தனையாவது தாளில் வெளிச்சம் நிற்கிறது?

இந்தச் சண்டையைக் கேட்கவே ஒருநாள் என் வகுப்புக்கு நீங்கள் வர வேண்டும். சன்னலோரம் இருந்த குழு பதினொன்றோடு நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் புகுந்துகொண்ட குழு இருபதைத் தாண்டியும் "இன்னும் தெரியுது" என்றது. ஒருவரை ஒருவர் பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டி, கடைசியில் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். தாளின் எண்ணிக்கை மட்டுமல்ல, பார்க்கிற இடம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதும் விடையை மாற்றுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். இதை நான் குறிப்பேட்டில் எழுதிப் போட்டிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

பிறகு எண்ணெய். பஜ்ஜி சுற்றிவந்த தாளைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஏன் பளிச்சென்று தெரிகிறது? தாள் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நார்களுக்கு இடையே காற்று இருக்கிறது. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிப் போகும்போது ஒவ்வோர் எல்லையிலும் திசைமாறிச் சிதறுகிறது. அதனால்தான் தாள் வெண்மையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்தக் காற்றிடங்களை நிரப்பிவிடுகிறது. நாரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, எண்ணெய்க்கு 1.47 அளவில். காற்றுக்கோ 1தான். இரண்டும் நெருங்கிவிடுவதால் சிதறல் குறைந்து ஒளி கடந்து போகிறது. இந்த எண்கள் எட்டாம் வகுப்புக்கு மேல் போதும். ஐந்தாம் வகுப்பில் "காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொண்டது" என்பதே நிறைவான விடை. தண்ணீரிலும் செய்யச் சொல்லுங்கள்; தண்ணீரின் எண் 1.33, ஆகவே எண்ணெய் அளவுக்குத் தெளியாது. காய்ந்ததும் தாள் பழையபடி வெள்ளையாகிவிடும்.

கண்ணாடியையும் ஒரு பெட்டியில் அடைத்துவிட முடியாது. இரவுப் பேருந்தில் சன்னல் கண்ணாடியில் நம் முகம்தான் தெரிகிறது. பகலில் அதே கண்ணாடி வழியே வயல் தெரிகிறது. சாதாரணக் கண்ணாடி, தன்மேல் நேராக விழும் ஒளியில் இரு பரப்புகளிலுமாகச் சேர்த்துச் சுமார் 8 சதவீதத்தை எப்போதும் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளியிலிருந்து வரும் ஒளி அதை மூழ்கடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அதே கண்ணாடியை நொறுக்கினால் வெள்ளைத் தூளாகிறது. (இதை நாம் செய்துகாட்ட வேண்டாம், கல் உப்பையும் பொடித்த உப்பையும் பக்கத்தில் வைத்தால் போதும்.)

இதனால் பெட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொற்கள் பிள்ளைக்குத் தேவை. தேர்விலும் அவை வரும். என் கவலை விடைக்குறிப்பைப் பற்றியது. "தாள்: ஊடுருவாப் பொருள்" என்று குறிப்பில் இருக்க, விளக்கைப் பிடித்துப் பார்த்த பிள்ளை "பகுதி ஊடுருவும்" என்று எழுதினால் நாம் பெருக்கல் குறி போடுகிறோம். தன் கண்ணால் கண்டதற்கு மதிப்பெண் இல்லை என்று பத்து வயதில் தெரிந்துகொள்ளும் பிள்ளை அடுத்த முறை பார்க்காமலே எழுதும். ஆகவே வகுப்புத் தேர்விலாவது, "தாள் எப்போது ஒளியை விடும், எப்போது விடாது?" என்று கேட்போம். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகும்தான்.

கைபேசி விளக்கை யார் கண்ணுக்கு நேரேயும் பிடிக்க விடாதீர்கள். லேசர் விளக்கு வகுப்புக்கே வேண்டாம். வெயிலில் செய்தால் பொருளை அண்ணாந்து சூரியனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. தரையில் விழும் நிழலைப் பார்த்தால் போதும். பச்சைக் கண்ணாடிப் புட்டியின் நிழல் பச்சையாக விழுவதைக் கண்டு பிள்ளைகள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள். வாழையிலைக் கிழிசலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் நரம்புகள் எல்லாம் தெரியும்.

பின்வரிசை மேசையில் நோட்டுத் தாள், நல்லெண்ணெய், பஞ்சு வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகும் முன் ஒருமுறை செய்து பாருங்கள். எத்தனையாவது தாளில் நிறுத்தினீர்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போங்கள்.